போன அம்பும் வந்த அம்பும்

பிளஸ் டூ கணக்கில் நேர்மாறு என்ற சொல் வந்தாலே என் வகுப்பில் பாதிப் பேர் பின்னம் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றுக்கு நேர்மாறு என்ன என்றால் மூன்றில் ஒன்று. பெருக்கலுக்கு அது சரிதான். கூட்டலுக்கு என்ன என்று கேட்டால் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, கழித்தல் மூன்று என்பார்கள். அதுவும் சரி. சார்புக்கு நேர்மாறு என்ன என்று கேட்டால் மறுபடியும் ஒன்றின் கீழ் சார்பு என்று எழுதி வைப்பார்கள். தலைக்கு மேலே சின்னதாகக் கழித்தல் ஒன்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். வருடா வருடம் இதே கூத்துதான். எனக்கு முன்கோபம் அதிகம். சாக்பீஸ் வீசியிருக்கிறேன். யார்மேலும் பட்டதில்லை, என் குறி அவ்வளவு மோசம்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். புத்தகத்தில் இருக்கும் விளக்கம் பிள்ளைகள் மண்டையில் ஏறாது என்பதால் நானாகச் சில உதாரணங்கள் வைத்திருந்தேன். என் கணவர் மோட்டார் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அதே இரண்டை மறுபடியும் மாற்றினால் பழையபடி சுற்றும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை வகுப்பில் சொல்வேன். தோட்டத்துப் பிள்ளைகள் உடனே தலையாட்டுவார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கிய மறுநாள் கிணற்று மோட்டார் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் எடுக்காமல் நிற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். செய்ததைச் செய்யாததாக்கிவிடுவது, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுவது, அதுதான் நேர்மாறு என்று முடிப்பேன்.

ஆனால் வகுப்பு சிரித்துக்கொண்டே கவனிக்கும் உதாரணம் என் கல்யாணம்தான்.

அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். எனக்கு ஓர் அண்ணன், என் கணவருக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையை என் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு அவர் என்னை எடுத்துக்கொண்டார். தாராபுரத்தில் ஒரே மண்டபம், ஒரே சமையல்காரர், அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். மாப்பிள்ளையின் தங்கைக்கு எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒரு மரியாதை செய்வார்கள். என் அண்ணன் தாலி கட்டும்போது நான் இணைச்சீர்க்காரி. தாலிக்கயிற்றில் மஞ்சள் காய்வதற்குள் அந்த மணப்பெண் ஓடிவந்து அவள் அண்ணனுக்கு இணைச்சீர்க்காரியாக நின்றாள். பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று கடைசிவரை குழப்பம் தீரவில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் ஊர்ப்பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். அவள் என் அண்ணன் மனைவி, நான் அவள் அண்ணன் மனைவி. எனவே நான் அவளை நங்கையா என்பேன், அவளும் என்னை நங்கையா என்பாள். கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு, இரண்டு வீடு என்று எழுதி, இங்கிருந்து அங்கே ஓர் அம்பு, அங்கிருந்து இங்கே ஓர் அம்பு வரைவேன். போனது ஒன்று, வந்தது ஒன்று, கொண்டான் கொடுத்தான் நேர், இதுதான் நேர்மாறு என்பேன். பின்வரிசைகூடச் சிரிக்கும். நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியதில் அந்த அம்புகளுக்கும் பங்கு உண்டு.

என் கணவருக்கும் நங்கையாவுக்கும் அப்பா அம்மா கிடையாது. தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். பீளமேட்டில் நாங்கள் இருந்த வாடகை வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. காலேஜுக்கு அண்ணனின் மொபெட்டை ஓட்டிக்கொண்டு போனவள். காது அப்படிக் கூர்மை. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்திருந்தபோது சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அண்ணன் வந்தாச்சுங்க" என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மொபெட் தெருவுக்குள்ளேயே நுழைந்தது. சைலன்சர் சத்தம் மெயின் ரோட்டிலேயே தெரியுமாம்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாவதோடு நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். நான் எம்.எஸ்ஸி. வரை போக முடிந்தது அதனால்தான். மழைக்காலத்தில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, சேறு என் பாவாடையில் தெறிக்காமல் பஸ் ஸ்டாப் வரை மிதிப்பான். கோபம் எங்கள் வீட்டுச் சொத்து. என் பங்கு சாக்பீஸோடு நின்றது, அவன் பங்கு கைக்கு வந்தது. மாட்டை அடிப்பான். பண்ணையத்து ஆட்களிடம் கையை ஓங்கிக்கொண்டு போவான். ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை, அதனால் நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, ஒரு கார்த்திகை மாதத்து மதியம் நங்கையா ஒரு ரெக்சின் பையோடு வாசலில் வந்து நின்றாள். தாராபுரம் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். உள்ளே வந்து பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சொம்பை வாங்கும்போது முழங்கைக்கு மேலே ஐந்து விரலும் பதிந்திருந்தது தெரிந்தது.

"எப்ப இருந்துங்க நங்கையா?" என்றேன்.

"முன்னெல்லாம் எப்பவாச்சும்தானுங்க. இப்ப அடிக்கடி ஆகிப்போச்சுங்க" என்றாள். காய்ச்சல் வருவதைச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இது உங்க ஊடு. இங்கயே இருங்க" என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன். சாயங்காலம் அவள்தான் மாவு ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கிரைண்டர் சத்தத்திலும், "அண்ணன் வந்தாச்சுங்க" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்து தங்கையின் கையைப் பார்த்தார். கம்பெனிக் கிரீஸைக்கூடக் கழுவாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே என் அப்பா வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போட மாட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, புருசன் பொண்டாட்டின்னா ஒரு வார்த்தை முன்னப்பின்ன வராதுங்களா? அதுக்குன்னு பையத் தூக்கிட்டு வந்தா எப்படீங்க?" என்றார்.

"கை நீட்டியிருக்காருங்க மாமா. சித்த நாளைக்கு இங்க இருக்கட்டுமுங்க" என்றார் என் கணவர்.

"இருக்கட்டுமுங்க, நல்லா இருக்கட்டும். அப்ப என்ற புள்ளையும் அங்க வந்து சித்த நாளைக்கு இருக்கட்டும். உங்க புள்ள உங்க ஊட்டுல, என்ற புள்ள என்ற ஊட்டுல. அதுதானுங்களே நாயம்?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மணி, துணிமணியை எடுத்து வெய்யி."

நான் நின்றேன். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் கணவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு தரையைப் பார்த்தேன். எனக்கு அந்த வீடு பிடிக்கும். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போடுகிற மனிதரைப் பிடிக்கும். யாராவது ஏதாவது சொல்லி இதைத் தீர்த்துவைக்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நங்கையா பையோடு வெளியே வந்தாள். "வேண்டாமுங்க மாமா, நான் வாரேனுங்க" என்று என் அப்பாவிடம் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "நங்கையா, மாவு பொங்கியிருக்கும், பாத்திரம் மாத்தி வெச்சுப்போடுங்க" என்றாள்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்திருக்கிறேன், பொருந்தவில்லை. மறுநாள் காலை அந்த மாவில்தான் இட்லி ஊற்றினேன். பூப்போல வந்தது. ஒன்றுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நல்லது எது நடந்தாலும் அது அவள் வயிற்றில் அடித்து வாங்கியது போலவே எனக்குத் தோன்றியது. என் கணவர் காபி டம்ளரை நீட்டினால் கை கூசும். சினிமாவுக்குப் போகலாம் என்றால் தலைவலி என்பேன். அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். ஊரில் மளிகைக்கடைக்காரர் போனுக்குக் கூப்பிட்டு அவளை வரச்சொன்னால் வருவாள். ஆனால் "ஆங்... ஆங்..." என்பதற்கு மேல் பேச்சு நீளாது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு என்றும் நினைத்தேன்.

பொங்கலுக்குப் போனபோது, மறுபடி வந்துவிடச் சொல்லி என் கணவர் அவளிடம் கேட்டிருக்கிறார். "நான் வந்தா நங்கையா போகோணும். அது ஆகாதுங்கண்ணா" என்று சொல்லி முடித்துவிட்டாளாம். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் இதைச் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருடம் நேர்மாறு பாடம் நடத்தும்போது பழக்க தோஷத்தில் மறுபடியும் அந்த இரண்டு வட்டத்தைப் போட்டேன். அம்பு வரைந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முதல் மார்க் வாங்குகிற பிள்ளை இல்லை, சுமார்தான்.

"டீச்சர், நேர்மாறுன்னா போனதே திரும்பி வரோணும்னு சொன்னீங்க. இங்க போனது ஒரு பொண்ணு, வந்தது வேற பொண்ணு. இது எப்படிங்க டீச்சர் நேர்மாறு ஆகும்?"

உட்கார் என்று சொல்லியிருக்க வேண்டும், வழக்கமாக அப்படித்தான் சொல்வேன். அன்று டஸ்டரை எடுத்தேன். போன அம்பை அழித்தேன். வந்த அம்பு அப்படியே இருந்தது. அது அழியவும் இல்லை, சாயவும் இல்லை. இத்தனை வருடம் நானே வரைந்து நானே பார்க்காத விஷயம். அவள் அங்கே போனதற்கு நேர்மாறு அவள் இங்கே வருவது. நான் இங்கே வந்ததற்கு நேர்மாறு நான் அங்கே போவது. இது வேறு, அது வேறு. ஒன்றை அழித்தால் மற்றதையும் அழிக்க வேண்டும் என்று கணக்கில் எங்கும் இல்லை. அது என் அப்பா போட்ட விதி. அந்த விதிக்கு நான்தான் வருடா வருடம் அம்பு போட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சொல்வதுதான் சரி என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வகுப்பில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, மணி அடித்ததும் போய்விட்டார்கள்.

புரிந்துவிட்டது என்பதற்காக உடனே தாராபுரம் போய் அப்பாவிடம் வாதாடும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகக் குறுக்குப் புத்தி வந்தது. அவர் விதியை வைத்தே அவரை மடக்கலாம் என்று நினைத்தேன். முழுப்பரீட்சை லீவு விட்ட அன்று என் கணவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நாம சண்டை போட்டுக்கலாமுங்க."

"டீச்சரம்மாவுக்கு வெயில் மண்டைல ஏறிப்போச்சா?" என்றார்.

"நெசமா இல்லீங்க. நான் கோவிச்சுட்டு எங்க ஊட்டுக்குப் போறேன். நான் அங்க போனா நங்கையாவை எங்கப்பாவே இங்க அனுப்பிப்போடுவாருங்க. அவருக்கு ரோசம் பெருசு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "சண்டைன்னு சொல்லு. அடிச்சேன்னு மட்டும் சொல்லிப்போடாத" என்றார். உட்கார்ந்துகொண்டே, "அப்புறம் நீ எப்படித் திரும்பி வருவே?" என்றார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றேன். நேர்மாறுக்கும் ஒரு நேர்மாறு உண்டு, அது தொடங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விடும் என்பது புத்தகத்தில் அடுத்த வரியிலேயே இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை.

தாராபுரத்தில் எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது நங்கையா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, "நங்கையா" என்றேன். திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டேன். சாணிக்கூடையைத் தூக்கி வைத்தாளே தவிரத் திரும்பவில்லை. என் அம்மா எதிரே வந்து கையைக் காட்டிய பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள். என் கையில் பெரிய பையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

என் குறுக்குப் புத்தி பலித்தது. கோவித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொன்ன அன்று சாயங்காலமே அப்பா, "என்ற புள்ளைய வெச்சுப் பொழைக்கத் தெரியாதவன் தங்கச்சிக்கு இங்க என்ன வேலை?" என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் அவரே அவளைப் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினார். அண்ணன் களத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பாதை முடியும் மூங்கில் படல் வரை நான் கூடப் போனேன். அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் நங்கையாவின் தோளோடு ஒட்டி, காதில் கிசுகிசுத்தேன்: "நங்கையா, இது பொய்ச்சண்டைங்க. நீங்க போங்க. யாரு வந்து கூப்பிட்டாலும் திரும்பி வராதீங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மெல்லத் தலையாட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றியை எதிர்பார்த்தா செய்தேன் என்று கேட்டால், கொஞ்சம் எதிர்பார்த்தேன்தான்.

அந்த மே மாதம் முழுக்க அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன். அமராவதியில் தண்ணீர் இல்லை, கிணறும் அடியில் கிடந்தது. அண்ணன் கோபத்தோடு வந்து சோற்று வட்டிலைத் தள்ளுவான், பிறகு எதிரே நிற்பது நான் என்று கண்டு தானே இழுத்து வைத்துக்கொள்வான். சந்தையிலிருந்து எனக்கென்று மாம்பழம் வாங்கி வருவான். அதைத் துண்டில் துடைத்துக் கொடுக்கும் கையைப் பார்ப்பேன். இதே கைதான் என்று நினைத்துக்கொண்டே வாங்கித் தின்பேன். ஒருநாள் பொழுது சாயும் நேரம், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அவ எப்ப வாராளாம்?"

"எனக்குத் தெரியலீங்கண்ணா."

"நானா போகச் சொன்னேன்? அப்பன்தான் அனுப்புனாரு" என்றான். கையைத் தட்டிக்கொண்டே, "அவ வெக்கற ரசம் வேற மாதிரி இருக்கும்" என்றான். என்னைப் படிக்கவைத்தவனை நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை, இரக்கப்படவும் கூசியது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. என் கணவர் பழமும் பூவுமாக வந்து, சமாதானம் பேசுவது போலப் பேசி, என்னை அழைத்துக்கொண்டார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு சிப்பம் தேங்காய் கட்டிக் கொடுத்தார். பஸ் ஏறும்போது, "அப்படியே அந்தப் புள்ளையையும் பின்னாலயே அனுப்பி வெய்யுங்க மாப்பிள்ளை" என்றார். அவருக்கு இரண்டு வயரை மாற்றிக் கொடுத்த மாதிரி, அவ்வளவுதான்.

பஸ்ஸில் என் கணவர் சொன்னார். "தங்கச்சி வந்ததுல இருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கா. கூப்பிட்டாத் திரும்பறதில்லை. முன்னெல்லாம் வண்டிச் சத்தத்துக்கே கதவைத் திறப்பா. இப்ப நான் தட்டோணும். என்மேல கோவமா, உன்மேல கோவமான்னு தெரியலை."

"என்மேலதானுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். என் கணவர் கறி வாங்கப் போயிருந்த நேரம். நங்கையா வந்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மோர் கரைத்துக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன்.

"நீ வந்தாச்சு. சந்தோசம். அந்தப் புள்ளையக் கிளம்பச் சொல்லு அம்மணி, மத்தியான பஸ்ஸுக்குப் போயிரலாம்" என்றார்.

ஐம்பது பிள்ளைகள் முன்னால் நின்று கத்துகிறவள், அப்பா முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நங்கையா வர மாட்டாங்கப்பா."

"ஏன்? நீதான் வந்துட்டீல்ல?"

"நான் வந்தது என்ற ஊட்டுக்குங்கப்பா. அவிய வந்தது அவிய பொறந்த ஊட்டுக்கு. நான் வந்ததுக்கும் அவிய போறதுக்கும் என்னங்கப்பா சம்பந்தம்? அண்ணன் அடிக்குதுங்க. அதுக்கு நான் எங்க இருந்தா என்னங்க?"

அப்பா மோரைத் தொடவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. பெண் கொடுத்து எடுத்த வீட்டில் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதே இல்லை.

"அப்ப உனக்குப் பொறந்த ஊடு வேண்டாமா அம்மணி?"

"வேணுமுங்கப்பா. ஆனா அதுக்கு ஈடா நங்கையாவை வெக்க மாட்டேனுங்க."

"உங்கண்ணன் உனக்கு என்ன கொறை வெச்சான்?"

எனக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான். அப்பா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு பல வருடம் பொங்கல் சீர் வரவில்லை. அண்ணன் என்னோடு பேசவில்லை. அது பிறகு நடந்தது. அந்த நேரத்தில், பெரிய காரியம் செய்துவிட்டேன், அவளுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டேன் என்றுதான் மனம் துள்ளியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நங்கையா எனக்கு இடப்பக்கத்தைக் காட்டியபடி நின்று மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலடியில் அந்த ரெக்சின் பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. அப்பாவைப் பார்த்ததுமே கட்டியிருக்கிறாள்.

"நங்கையா, எங்கப்பா போயிட்டாருங்க. நீங்க போக வேண்டாமுங்க" என்றேன்.

திரும்பவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நங்கையா, என்மேல கோவம்னா திட்டிப்போடுங்க. இப்படிப் பேசாம இருக்காதீங்க."

அதற்கும் திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். முழுதாகத் திரும்பி, வலது காதை என் பக்கம் சாய்த்தாள்.

"இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க நங்கையா. அந்தக் காது கேக்கறதில்லீங்க."

நான் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. படலோரம் நின்று அவள் காதில் நான் கிசுகிசுத்தது நினைவுக்கு வந்தது. அதுவும் அந்தக் கேளாத இடது காதில்தான்.

"எப்ப இருந்துங்க?" என்று அவள் வலது காதுக்கு எட்டும்படி கேட்டேன்.

குழாயை மூடினாள். கொஞ்சம் யோசித்தாள். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிற குரல்தான்.

"அந்தக் கார்த்திகைல இங்க வந்துட்டு, மாமாகூடத் திரும்பிப் போனனுங்கல்ல. அன்னைக்குப் பொழுதோடதானுங்க. பை எடுத்துட்டுப் போனதுக்காக அடிச்சாரு. அதுல இருந்து."

அவள் ஆட்டி வைத்துவிட்டுப் போன மாவை நான் பாத்திரம் மாற்றி வைத்த அதே நாள் சாயங்காலம்.

படலோரம் நான் சொன்னதும், இப்போது முதுகுக்குப் பின்னால் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. முன்னறையில் அப்பாவிடம் பேசியதும் கேட்டிருக்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பையைக் குனிந்து எடுத்தாள்.

"மாமா வெளிய காத்துட்டு இருப்பாருங்க. நான் வாரேனுங்க நங்கையா" என்றாள்.

நான் சுற்றிப் போய் அவளுடைய வலப்பக்கம் நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.